வெல்வெட் நாற்காலி

அன்புள்ள அம்மாவுக்கு, மும்பையிலிருந்து மோனிகா எழுதுவது. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு. உனக்கு இருமல் குறைந்ததா?

நேற்று என் ஓவியக் கண்காட்சி தொடங்கியது. நம் கொடியில் காயும் துணிகளை உதறி, டப்பாவில் அடைத்து அனுப்பினாயே மில் கரி, அதை ஒரு நாற்காலி முழுக்கத் தடவி நடுவில் வைத்திருந்தேன். பார்த்தால் கறுப்பு வெல்வெட்தான்.

ஓவியம் வாங்க வந்தவர் யார் தெரியுமா? நம் கும்மிடிப்பூண்டி இரும்பு மில் முதலாளி. ஈஸ்டர் புடவை கரியாகிவிட்டதென்று நீ காரை மறித்தபோது, கண்ணாடியைப் பாதி இறக்கி, "தொவைச்சா போயிடும், போம்மா" என்றாரே, அவரேதான். என்னை அடையாளம் தெரியவில்லை. கால் வலிக்கிறது என்றார். "உக்காருங்க சார்" என்று அந்த நாற்காலியைக் காட்டினேன்.

எழுந்தபோது வெள்ளை உடுப்பின் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. அத்தனை பேர் முன்னால், "என்னம்மா இது?" என்று கத்தினார்.

"உங்க மில்லு கரிதான் சார். தொவைச்சா பூடும், போங்க" என்றேன்.

அவர் உட்கார்ந்த தடத்தை நான் அழிக்கவில்லை. பிறகு வந்தவர்களெல்லாம் அதைத்தான் போட்டோ எடுத்தார்கள்.

உன் பழைய புடவை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு. போர்த்திக்கொண்டால் தூக்கம் வரும்.

கேலரி திறக்க நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். கரி இன்னும் இரண்டு டப்பா வேண்டும், மறக்காதே. அடுத்து சோபா செய்கிறேன். அவர் குடும்பத்தோடு வரட்டும்.

உன்
மோனிகா