அடிபம்புக்கு ஊற்றிய தண்ணீர்

என் வீட்டு மகாராணிக்கு,

புயல் போய்விட்டது. முருங்கை சாய்ந்தது, என் மீசையும்தான்.

"ஊரே இருண்டாலும் நம்ம வூட்ல தண்ணி நிக்காது" என்று சோலார் மோட்டார் போட்டேனே, புயலுக்கு அப்புறம் வெயிலே இல்லை. அது என்னைப் போலவே சும்மா உட்கார்ந்திருந்தது. மேல்தொட்டி வற்றியது. மழையில் ஒரு பாத்திரம்கூட வெளியே வைக்கவில்லை, சோலார்காரனுக்கு எதற்கு?

மோட்டாருக்காக நான் பிடுங்கிய அடிபம்பு கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடந்தது. பின்தெருக்காரர்கள் நம் வாசலில் குடம் வைப்பது இடைஞ்சல் என்று மட்டும்தான் அன்று சொன்னேன். சொல்லாததும் உனக்குக் கேட்டுவிட்டது. அதனால்தானே படாளத்துக்கு, உன் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாய்?

நேற்று பம்பைத் திரும்பப் பொருத்தினேன். வெறும் காற்றுதான் வந்தது. முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால்தான் இழுக்கும். வீட்டில் ஒரு சொட்டு இல்லை. குடத்தோடு பின்தெரு ஜெசிந்தா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"இன்னா அண்ணாத்த, உங்க சோலாருக்கும் தாகமா?" என்றாள்.

கூரையில் வழிந்ததை வடிகட்டிப் பிள்ளைகளுக்கு வைத்திருந்தாள். அதில் அரைக்குடத்தை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். நம் கேட்டருகே மட்டும் நின்றுவிட்டாள்.

"உள்ள வர்லாமா அண்ணாத்த?"

இத்தனை வருஷமாகக் கேட்காமல் வந்து போனவள்.

அவள் ஊற்ற, நான் அடித்தேன். தண்ணீர் வந்தது. கேட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டேன்.

நீ வரும்போது, உள்ளே வரலாமா என்று கேட்டுவிடாதே.

தலை குனிந்து பம்பு அடிக்கும்,
உன் வீட்டுக்காரன்