காற்று போகலாம், வெளிச்சம் வரக்கூடாது

மே 5, திங்கள்

இன்று கடைக்கு வந்த ஒரு கோட்டின் பையில் பாதி சப்பிய மிட்டாய், தலைமுடி ஒட்டிக்கொண்டு. கொண்டுவந்தவர் டை கட்டிய மனிதர். சலவைக்கடை கவுண்ட்டரில் இருபது வருடம் நின்றவளுக்கு மனிதர்கள்மேல் நல்ல அபிப்பிராயம் எப்படி வரும்? அக்குளையும் காலரையும் பார்த்தால் போதும், யார் எப்படிப்பட்டவர் என்று மூக்கே சொல்லிவிடும்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் நாற்றம். பின்னறையில் வைத்த பன்னிரண்டு சாமந்தித் தொட்டியிலும் வெள்ளைப் பூஞ்சை. சுவர் வியர்த்து வழிகிறது. அடி இலைகள் கையில் வழவழவென்று வருகின்றன. சீ.

சாமந்தி மொட்டு வைக்க நீளமான இருட்டு வேண்டும். கோடையில் அதற்கு எங்கே போவது? அதனால்தான் ஜன்னலில்லாத அறையில் விளக்குப் போட்டு வளர்த்து, மாலை ஐந்திலிருந்து காலை ஏழுவரை டைமர் போட்டுக் கும்மிருட்டில் வைப்பது என்று ஏற்பாடு. “இந்த மாசத்துல சாமந்தியா, பாக்கலாம் பாக்கலாம்” என்று பூக்கடைக்காரி சிரித்ததிலிருந்து எனக்கு வீம்பு. கதவை மூடினால் புழுக்கம், பூஞ்சை. திறந்தால் வெளிச்சம்.

பூஞ்சை செடிக்கு மட்டும் கேடு என்றால் பரவாயில்லை. ஜனவரியில் இடது நுரையீரலில் பாதியை வெட்டி எடுத்த தம்பி இந்த வீட்டில்தான் மூச்சு விடுகிறான். “இனிமே ஒரு சிகரெட் தொட்டாலும் என்கிட்ட வராதீங்க” என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லித்தான் அனுப்பினார். தினமும் அவன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் துவைக்கப் போடுகிறேன். இன்றும் சுத்தம்.

மே 6

வாசல் மிதியடியில் யாரோ துப்பியிருக்கிறார்கள். எழுதக்கூடப் பிடிக்கவில்லை.

மே 11, ஞாயிறு

பெட்டி செய்தோம். தம்பி லிஃப்ட் மெக்கானிக், அவன் கை சும்மா இருக்காது. பழைய அலமாரிப் பலகையில் ஒரு நீளப் பெட்டி. உள்ளே மூன்று தடுப்பு, ஒன்று மேலிருந்து, ஒன்று கீழிருந்து, மறுபடி மேலிருந்து. காற்று வளைந்து வளைந்து போய்விடும். வெளிச்சத்துக்கு நேராகத்தான் போகத் தெரியும், முட்டிக்கொண்டு நின்றுவிடும். உள்பக்கம் பூராவும் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட். அதற்குள் தலையை விட்டு அடித்ததில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது.

இதை மேலே எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு மாட்டினோம். கீழே காற்று உள்ளே வர முழங்கை போல மடங்கிய இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் சேர்த்து ஒரு வளைவு. கதவுக்குத் திரையாக, ஒரு வருடமாக யாரும் வாங்க வராத கறுப்புக் கோட்டைக் கடையிலிருந்து கொண்டுவந்து பிரித்துத் தைத்தேன். செத்தவன் கோட்டோ என்னவோ. இரண்டு தடவை வெளுத்தும் ஒரு பழைய வாசம் போகவில்லை.

தம்பிக்கு என்ன உற்சாகம்! இதைவிடப் பெரிய ஃபேன் வேண்டும், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ரெகுலேட்டர் வேண்டும் என்று அவனே போய் வாங்கிவந்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் விசிலடித்து இன்றுதான் கேட்டேன்.

மே 13, செவ்வாய்

தம்பியின் யோசனை: ஃபேனுக்கு முன்னால் கரி மூட்டை. என் பழைய நீளக் காலுறையில் உடைத்த கரியை அடைத்துக் கட்டினான். “உள்ள நாத்தம் பக்கத்து வீட்டுக்குப் போனா சண்டைக்கு வருவாங்கக்கா. கரி எல்லாத்தையும் இழுத்துக்கும்.” அண்டைவீட்டைப் பற்றி இவனுக்கு இத்தனை அக்கறையா என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது.

மே 18, ஞாயிறு

சோதனை. விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். கண் பழகப் பத்து நிமிஷம் ஆகிறது. அதற்குப் பிறகு பார்த்தால் பெட்டி சல்லடை. மூலை, ஆணி, கதவிடுக்கு, எங்கே பார்த்தாலும் புள்ளி. ஒவ்வொன்றையும் தடவித் தடவிக் கறுப்பு டேப் ஒட்டினேன். காலில் ஏதோ ஏறியது. என்ன பூச்சி என்று பார்க்கவில்லை, அறைந்துவிட்டேன். கை பிசுபிசுத்தது.

நாளையிலிருந்து இருட்டு நாள் கணக்கு ஆரம்பம்.

ஜூன் 3

பூஞ்சை காய்ந்துவிட்டது. அறையில் நாற்றமே இல்லை. தம்பி நன்றாகச் சாப்பிடுகிறான். சட்டை சுத்தம். என் முதுகை நானே தட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் 15, ஞாயிறு

ஒன்பது தொட்டியில் மிளகு அளவுக்கு மொட்டு! மூன்றில் ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்ற நான் போட்ட ஸ்டூல் பக்கம் இருக்கும் மூன்று. தடித்தடியாக இலைதான். அந்தப் பக்கம் எங்கோ வெளிச்சம் ஒழுகுகிறது. கீழ்க்குழாயாகத்தான் இருக்கும்.

ஜூன் 17

குழாயைக் கழற்றி இன்னொரு முழங்கைத் துண்டு சேர்த்தேன். உள்ளே எட்டுக்கால் பூச்சியின் முட்டைப்பை, பஞ்சு மாதிரி. வாந்தி வராத குறை.

“விடுக்கா, மூணு செடிதானே” என்றான் தம்பி. நான் விடுகிற ஆளா?

ஜூன் 24, செவ்வாய்

அந்த மூன்று இன்னமும் மொட்டை. பெட்டியை முழுசாகக் கழற்றி மறுபடி பெயின்ட் அடித்தேன். என் வேலையில் எங்கோ ஓட்டை இருக்கிறது, எனக்குத்தான் கண் தெரியவில்லை.

ஜூன் 26, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

கடையில் பாய்லர் கெட்டுப்போய் ஐந்து மணிக்கே மூடிவிட்டார்கள். எட்டு மணிக்கு வருகிறவள் ஐந்தரைக்கு வந்தேன். தம்பி செருப்பு இல்லை, நடக்கப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். நல்ல சமயம் என்று பின்னறைக்குள் போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம். கால் மணி. ஒரு புள்ளி இல்லை. ஓட்டையே இல்லை!

அப்போது கதவு திறந்தது. திரை விலகி மூடியது. ஸ்டூல் கிறீச்சிட்டது. ஃபேன் வேகம் கூடியது.

லைட்டர்.

மேலே சட்டை இல்லை. கழற்றி வெளியே மாட்டிவிட்டு வந்திருக்கிறான்! அந்த நெருப்பில் அக்குளிலிருந்து முதுகுவரை போகும் தையல் தழும்பு தெரிந்தது. அப்புறம் போனை எடுத்து யாரோ மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே ஊதினான். வெளிச்சம் அந்த மூன்று தொட்டிமேல். இருமினான். காறித் தொட்டியில் துப்பினான். சிகரெட் துண்டை மண்ணில் குத்திப் புதைத்தான். இன்னொன்று பற்றவைத்தான்.

நாலு முழ தூரத்தில் நான். புகை நேராக மேலே போய்க் கரிக்குள் நுழைந்துவிட்டது. எனக்கு வாசம்கூட வரவில்லை. பெரிய ஃபேன், ரெகுலேட்டர், கரி! என் காலுறையில் கரி கட்டி என் தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறான், நான் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறேன். இதுக்காடா உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிட்டு வந்தேன்? இதுக்கா?

எழுந்து கத்தியிருக்க வேண்டும். திருடி மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். அதையும் நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

ஜூன் 27

அவன் சாப்பிட்ட தட்டைத் தொடவே பிடிக்கவில்லை. ஊறிக் கிடக்கிறது.

ஜூன் 28, சனி

அந்த மூன்றில் ஒரு தொட்டியைக் கொண்டுவந்து அவன் டீ கப் பக்கத்தில் வைத்தேன். மண்ணைக் கிளறிக் கொட்டினேன். துண்டுகள், புழு மாதிரி ஊறிப்போய்.

எவ்வளவோ பேச வேண்டும் என்று இருந்தேன். முதலில் வந்தது இதுதான்: “பூந்தொட்டியிலயாடா துப்புவ?”

அவன் டீ கப்பைத் தள்ளி வைத்தான். “அந்த ரூம்ல மட்டும்தான்க்கா என்னை யாரும் மோந்து பாக்கல.”

“மோந்து பாக்கலன்னா நீ எப்பவோ போய்ச் சேர்ந்திருப்ப.”

“இருமினா நீ எண்ணுற. டாக்டர் என்னைக் கேட்டா நீ பதில் சொல்ற. நான் என்ன, உன் கடைக்கு வந்த கோட்டா?”

வாய் கூசாமல் இத்தனை நாள் பொய் சொன்னவனுக்கு ரோஷம் வேறு. எழுந்து போய்விட்டேன். மேசையை மூன்று தடவை துடைத்தேன்.

ஜூன் 30

பின்னறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து பார்க்கிறேன், தெருமுனையில் நின்று ஊதிக்கொண்டிருக்கிறான், ஊர் பார்க்க. வந்ததும் பூட்டைக் கழற்றிவிட்டேன். பூட்டி என்ன கிழித்தேன்?

ஜூலை 1, செவ்வாய்

ஒன்பதில் ஒன்று நிறம் காட்டுகிறது. மஞ்சள். சந்தோஷம் வரவில்லை.

இன்று குளியலறையில் அவன் சட்டையைத் தூக்கி முகத்தில் வைத்திருந்தேன். எதற்கு? தெரிந்துவிட்டதே, இன்னும் எதை முகர? நிமிர்ந்தால் கண்ணாடியில் நான். மூக்கு விடைத்து, உதடு கோணி, அடுத்தவர் அழுக்கைத் தேடும் ஒரு மூஞ்சி. இருபது வருடமாக எல்லோரும் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பது இதைத்தானா? சீ என்று எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறேன், என்னைச் சொன்னது இன்றுதான்.

சட்டையை முகராமல் வாளியில் போட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். “சிகரெட் தொடலையே?”

எப்போதும் நான்தான் சொல்வேன். இன்றும் நாக்கின் நுனியில் இரண்டு பதில் இருந்தது. ‘இல்ல டாக்டர்’ என்று அவனைக் காப்பாற்றலாம். ‘இவன் பண்ணின கூத்தைக் கேளுங்க’ என்று போட்டும் கொடுக்கலாம். இரண்டுமே எனக்குச் சுலபம்.

“அவனையே கேளுங்க டாக்டர்.”

தம்பி என்னைப் பார்த்தான். முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். “பிடிக்கிறேன் சார். தினம் ரெண்டு. சில நாள் மூணு. மே மாசத்துலேருந்து.”

கத்துவார், எழுந்து போகச் சொல்வார் என்று நினைத்தேன். எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். நாற்காலியை அவன் பக்கம் திருப்பிக்கொண்டார். “எந்த நேரத்துல தோணுது, சொல்லுங்க.” பிறகு என்னிடம், “நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா.”

வெளியே முக்கால் மணி நேரம். பெஞ்சுக்கு அடியில் எவனோ ஒட்டிய சூயிங்கம் என் விரலில் ஒட்டிக்கொண்டது. தேய்க்கத் தேய்க்க இழுத்துக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து தம்பி குரல்தான் அதிகம் கேட்டது. என்ன பேசுகிறான் என்று கேட்கவில்லை. கதவுப் பக்கம் நகர்ந்து உட்காரலாமா என்று இருந்தது. உட்காரவில்லை.

கண் சிவந்து வெளியே வந்தான். கையில் மடித்த சீட்டு. அதை நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்குத் தெரியும்?

பஸ் ஸ்டாப்பில் சொன்னான்: “அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்காருக்கா. நான் தனியாவே வந்துக்கறேன்.”

சரி என்றேன்.