பூதத்தின் இரண்டாவது புழுதி

ராத்தா,

இன்று காலை முன்வீட்டுக்குச் சீமெந்து இறக்கினார்கள். ஒரு மூட்டை லொறியிலிருந்து வழுக்கி விழுந்து வெடித்தது. ஒழுங்கையே சாம்பல் நிறமாகிவிட்டது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலக, நான் மட்டும் படலையடியில் நின்று அது அடங்கும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு எண்ணுவதற்குள் பாரமான தூள் தரைக்கு வந்துவிட்டது. மெல்லியது துறைமுகப் பக்கமாகப் போயிற்று. அந்த மணம் தொண்டையில் இறங்கியபோது உங்களைத்தான் நினைத்தேன்.

மகள் பல்கலைக்கழகம் போகும்போது விட்டுப்போன மடிக்கணினியில் நான் இந்த வேலையைப் பழகுவதை முதலில் அறிந்தது, அக்கா முறை வைத்து நான் ராத்தா என்று கூப்பிட்ட, பக்கத்து வீட்டு நீங்கள்தான். விளையாட்டுகளில் வரும் தீ, புகை, மழை, புழுதி எல்லாம் சிறு சிறு துகள்கள். ஒவ்வொன்றும் எப்போது பிறக்க வேண்டும், எந்தப் பக்கம் போக வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. வீட்டுக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, துகள்களுக்கும் கணக்கு எழுதினேன். "அரிசிக்கு ஒரு பக்கம், புகைக்கு ஒரு பக்கமா? உன்ட பிள்ளையாருக்கே தலை சுத்தும் புள்ள" என்பீர்கள்.

கொழும்பில் விளையாட்டுச் செய்யும் ஒரு நிறுவனம் எனக்குப் பரீட்சை வைத்தது. மதிலிலிருந்து ஒரு பூதம் குதிக்கும். அது விழும்போது எழும் புழுதியை நான் செய்ய வேண்டும். மலிவான கைபேசியிலும் ஓட வேண்டும் என்பதால் அறுபது துகளுக்கு மேல் கூடாது. நான் செய்து அனுப்பியது திரும்பி வந்தது. பூதத்துக்குப் பாரமே இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் ஒரு தடவை அனுப்பலாம் என்று எழுதியிருந்தார்கள். நாற்பத்தாறு வயதில், ஒரு சான்றிதழும் இல்லாதவளுக்கு வேறு எவர் வேலை தரப் போகிறார்கள்? அன்று எனக்குச் சமைக்கவும் மனம் வரவில்லை.

கறிவேப்பிலை கேட்டு வந்த நீங்கள் குசினிக் கதவில் நின்றே திரையைப் பார்த்தீர்கள்.

"என்ன புள்ள, பூதம் குதிச்சா புட்டுக் குழல்ல ஆவி போற மாதிரிப் போகுது?"

"அது புழுதி, ராத்தா."

"புழுதியா? நான் பூதத்தப் பாத்ததில்ல. புழுதியப் பாத்திருக்கன். வா வெளியில."

மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எழும்ப இன்னும் நேரம் இருந்தது. முற்றம் காய்ந்து மாவாகக் கிடந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உடுப்புத் தோய்க்கிற கல்லில் ஏறினீர்கள். நான் கைபேசியை நிலத்தோடு பிடித்துப் படமெடுத்தேன். பிஸ்மி சொல்லிக் குதித்தீர்கள்.

"முழங்கால் கவனம், ராத்தா! போதும்."

"சும்மா இரு. பூதம் ஒருக்காக் குதிச்சிட்டு நிப்பாட்டுமா?"

பின்வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. "என்ன சத்தம்? தென்னை ஏதும் விழுந்ததோ?"

"இல்ல மாமி, எனக்குக் கொழும்புல வேலை கிடைச்சிருக்கு!" என்று கல்லில் நின்றே கத்தினீர்கள் நீங்கள்.

ஆறு தரம் குதித்தீர்கள். பிறகு நாங்கள் இருவரும் குசினியில் இருந்து படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். காலுக்கு நேர் கீழே புழுதியே இல்லை. அது நிலத்தோடு ஒட்டி வட்டமாக வெளியே ஓடி, களைத்த பிறகுதான் எழும்பியது. நானோ அதை நேரே மேலே அனுப்பியிருந்தேன். ஆனால் பெரிய விசயம் ஆறாவது தரத்தில் இருந்தது. விழுந்த நீங்கள் தடுமாறி, இடது காலைப் பின்னுக்கு வைத்துச் சமாளித்தீர்கள். அந்தக் குதிக்காலடியில் சின்னதாக ஒரு புழுதி, சற்றுப் பிந்தி வந்தது. அதில்தான் உங்கள் பாரம் முழுவதும் தெரிந்தது. பூதத்தின் அசைவை மறுபடி பார்த்தேன். அதுவும் இடது காலைப் பின்னுக்கு வைத்தது. இவ்வளவு நாளும் அது என் கண்ணில் படவில்லை.

முதல் வட்டத்துக்கு நாற்பது துகள், பின்காலுக்குப் பன்னிரண்டு. எட்டு மிச்சம். பூதம் குதிக்கும்போதெல்லாம் விளையாட்டு தேடி எடுக்கும் இந்தப் புழுதிக் கோப்புக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. உங்கள் பெயரை வைத்தேன். சிரிப்பீர்கள் என்று உங்களிடம் சொல்லவில்லை. முருகனை நினைத்து அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விரதத்தோடு கோயிலால் வந்து காலைக் கழுவ முன்பே தொலைபேசி அடித்தது. பரீட்சை வைத்த பெண்தான். "அந்த ரெண்டாவது புழுதி எப்பிடித் தோணினது அக்கா?" என்று கேட்டா.

"பக்கத்து வீட்டில ஒரு பூதம் இருக்கு" என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது என்று வேலியில் நின்று கத்தினேன். "அல்ஹம்துலில்லாஹ்! ஆர்ட காலெண்டு நெனச்சாய்?" என்று, எண்ணெய் தடவிய முழங்காலைத் தட்டிக் காட்டினீர்கள். அன்று போல நான் சத்தம் போட்டுச் சிரித்ததில்லை.

விளையாட்டு வெளிவந்தபோது நீங்கள் மவுத்தாகியிருந்தீர்கள். மாரடைப்பு ஒரே காலையில் உங்களைக் கொண்டுபோயிற்று. உங்கள் மகளிடம் கேட்டுவிட்டு, என் சாமி அறையில் உங்களுக்கும் ஒரு திரி ஏற்றினேன்.

இப்போது அதன் இரண்டாம் பாகம் செய்கிறோம். தீயும் புகையும் புழுதியும் என் பொறுப்பு. எனக்குக் கீழே படித்த பிள்ளைகள் இருவர் வேலை செய்கிறார்கள். போன கிழமை, பரீட்சை வைத்த அந்தப் பெண் அழைத்தா. "எல்லாக் கோப்புக்கும் ஒழுங்கா இலக்கம் போடுறம் அக்கா. பூதத்தின்ட புழுதிக்கு வைச்ச இந்தப் பேரை மட்டும் எடுத்துவிடுங்கோ."

ஒழுங்கென்றால் எனக்கு எவ்வளவு விருப்பம் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் எதையும் மறுத்ததில்லை.

"ஏலாது தங்கச்சி. இலக்கம் வேணுமெண்டால் பேருக்குப் பின்னால போடுங்கோ."

அவ விசைப்பலகையில் எதையோ தட்டுவது கேட்டது. பிறகு, "சரி அக்கா, இருக்கட்டும்."

நாங்கள் கண்டறியாத ஊர்களில் எல்லாம் பிள்ளைகள் அதை விளையாடுகிறார்கள். பூதம் குதிக்கும் ஒவ்வொரு தடவையும் விளையாட்டு உங்களைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறது. ராத்தா, நீங்களும் ஒவ்வொரு தடவையும் வந்து விழுந்து, இடது காலைப் பின்னுக்கு வைத்து, நிமிர்ந்து நிற்கிறீர்கள்.