அருவிக்கு அனுப்பப்பட்ட ஆண்கள்

அச்சன்புதூர்,
ஜூலை 14

அன்பு மகள் ஹுஸ்னாவுக்கு வாப்பாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளை முஃபீதும் அந்தக் குளிர் ஊரில் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். இங்கே சாரல் ஓயவில்லை, காயப்போட்ட துணி மூன்று நாளாகக் கொடியிலேயே குடியிருக்கிறது. போனில் பேசலாமே என்பாய், போனை எடுத்தாலே உம்மா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருகிறாள், இது அவளுக்குத் தெரியாமல் எழுதுவது.

ஆபீஸ் வேலையையும் டாக்டர் பட்ட ஆராய்ச்சிப் படிப்பையும் சேர்த்து இழுக்க முடியவில்லை, நாலு வருஷம் போதும், படிப்பை விட்டுவிடப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முதல் எனக்கு ஒரே சந்தோஷம், அதைக் கேட்டுவிட்டு முடிவெடு. கணவன் வளைகுடாவில் இருந்தபோது தனியாகக் குடும்பம் நடத்திய பெண்கள் எட்டுப் பேரிடம் உன் ஆராய்ச்சிக்காகப் பேச வேண்டும், ஆள் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்டிருந்தாய். நானும் கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, வீட்டு ஆம்பளையிடம் முறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். காலை பத்து மணிக்கு ஏழு பேர் தொப்பியும் அத்தருமாக வந்து உட்கார்ந்தார்கள், ஏழும் ஆண்கள். பெண்டாட்டிக்குப் பதிலாக நானே எல்லாம் சொல்லிவிடுகிறேன் என்று அதில் ஒருவன், நம் மன்சூர், நீ வீடியோவில் காத்திருந்த கம்ப்யூட்டருக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டதும் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். உம்மா எல்லோருக்கும் டீயைக் கொடுத்து, வேனை வரவழைத்து, என்னையும் சேர்த்துக் குற்றாலத்துக்கு ஏற்றிவிட்டாள். மூன்று மணிக்கு முன்னால் யாரும் ஊருக்குள் வரக்கூடாது என்று உத்தரவு.

அங்கே நடந்தது உனக்குத் தெரியாது. மெயினருவியில் நல்ல தண்ணீர், பிடரியில் அடிக்கிறது, யாருக்கும் குளியலில் மனசு இல்லை. மன்சூர் என் காதோரம் வந்து, "மச்சான், நாம செஞ்சதைச் சொல்லுதாளுவளா, செய்யாததைச் சொல்லுதாளுவளா?" என்று கேட்டான். செய்யாததைச் சொன்னால் மூன்று மணிக்குள் முடியாதே என்றேன், அவ்வளவுதான், எட்டுக் கிழவர்களும் தண்ணீருக்குள் நின்று சிரித்த சிரிப்பில் போலீஸ்காரர் விசில் ஊதிவிட்டார். வீட்டுக்குப் போகப் பயந்து மறுபடி எண்ணெய் தேய்த்து மறுபடி குளித்தோம். திரும்பும்போது ஆளுக்கு ஒரு பை மங்குஸ்தான், அதில் நாலு பேர் பெண்டாட்டிக்கென்று பழம் வாங்குவது அதுதான் முதல் தடவையாம்.

வீட்டுக்கு வந்தால், ஏழு பெண்கள்தான் வந்தார்கள், எட்டாவதாக நானே பேசினேன் என்கிறாள் உம்மா. என்ன சொன்னாய் என்று கேட்டேன். "அதெல்லாம் புள்ளைகிட்ட சொல்லியாச்சு, புஸ்தகம் வந்தா படிச்சுக்கிடுங்க" என்று மங்குஸ்தானை உரிக்கப் போய்விட்டாள். உன்னிடம் கேட்டால் நீயும் விதிமுறை, சொல்லக்கூடாது, பெயரைக்கூட மாற்றித்தான் எழுதுவேன் என்கிறாய். இருபத்தாறு வருஷம் சவூதியில், தம்மாமில் இருந்தேன் மகளே. வாரம் தவறாமல் போன் பேசுவேன், எப்படி இருக்கிறாய் என்பேன், சுகம் என்பாள். அதற்கு மேல் அவள் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. உன்னிடம் நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறாள்.

இப்போது சொல், நீ பாதியில் விட்டால் நான் எங்கே போய் அதைப் படிப்பது? முடியாத நாளில் இரண்டு வரி எழுது, போதும், நான் காத்திருக்கிறேன். உன் காரியமெல்லாம் லேசாகட்டும், உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, பெயரை மாற்றிக்கொள், அவள் சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்றாதே. எட்டுப் பேரில் என் ஹாஜரா யார் என்று எனக்கே தெரியவில்லை என்றால், அந்தக் குற்றம் என்னுடையது.

உன் வாப்பா,
அகமது கபீர்