மூடாமல் விட்ட பெயர்

தேர்வாய் கண்டிகை,
புதன்கிழமை.

அன்புள்ள பென்னிக்கு,

ஜெயராஜ் எழுதுவது. நானும் உன் அண்ணி ஈஸ்வரியும் நலம். தோஹாவில் வெயில் கொளுத்துகிறதாமே, தலையில் துணி இல்லாமல் வெளியே போகாதே. உன் அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நடந்தே வந்தார்கள். உன் தம்பி ஜோஷ்வாவை வேலைக்கு எடுத்துவிட்டார்கள். நீ நின்ற அதே அலுமினிய உலையில்தான், காலை ஷிப்ட்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். ஈஸ்வரி போனிலிருந்து ஆறு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. என் போனில் கம்பெனி ஆப் ஏற்றியிருக்கிறார்கள், அதில் இதைப் பேச எனக்குத் தைரியமில்லை. பாக்கியநாதன் நாளை அங்கே கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கம்பெனியில் ஜீரோ டிரஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் இனி யாரையும் நம்பாதாம். ஒவ்வொரு முறை நுழையும்போதும் நீதானா என்று போனில் கேட்கும், ஆமாம் என்று அழுத்தினால்தான் விடும். சொல்லிக்கொடுக்க வந்த நந்தினி மேடம் பொறுமைசாலி. ஆனால் நம் ஆட்களைத் தெரியாதா? பதினெட்டு வருசமா இங்க வெந்துகினு கீறேன், என்னை நம்ப மாட்டியா என்று குப்புராஜ் அவரிடமே கேட்டுவிட்டார். ஒன்றரை மணி நேர வகுப்பு, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம், அத்தோடு பயிற்சி முடிந்தது.

வேலையை விட்டுப் போனவர்களின் ஐடியை மூடச் சொல்லிப் பட்டியல் வந்தது. அதில் உன் பெயரும் இருந்தது. உலையின் எல்லா செட்டிங்கும் உன் ஐடியில்தான் திறக்கும். நீ போய் ஒரு வருடமாகியும் மூன்று ஷிப்டும் அதில்தான் ஓடியது. புது ஐடிக்குப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். அதனால் நீ நீண்ட விடுப்பில் இருக்கிறாய், திரும்பி வருவாய் என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். போன் நம்பர் கேட்ட இடத்தில் என்னுடையதைக் கொடுத்தேன். பையன்கள் திறக்கும்போதெல்லாம் என் போன் கேட்கும், நான் ஆமாம் போடுவேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை. பஸ்ஸிலும் போட்டேன், கோயிலிலும் போட்டேன்.

போன வெள்ளிக்கிழமை கேன்டீனில் சாப்பிடும்போது கேட்டது. பார்க்காமலே போட்டுவிட்டேன். அந்த நேரத்தில் உலைக் கம்ப்யூட்டர் பக்கம் ஒருவரும் போகவில்லை என்று பிறகு சொன்னார்கள். திங்கட்கிழமை திறந்து பார்த்தேன். எண்ணூறு டிகிரியைத் தாண்டினால் தானாக கேஸை நிறுத்த வேண்டிய எல்லை, ஆயிரத்து நூறாக மாறியிருந்தது. மூன்று நாள் ஜோஷ்வா அதன் முன்னால் நின்றிருக்கிறான், பென்னி.

எண்ணைப் பழையபடி மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. உன் ஐடியை மூட வேண்டுமென்றால் மேடத்திடம்தான் போக வேண்டும், போனால் என் பொய்க் கையெழுத்து வெளியே வரும், வேலை போகும். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நேற்றிலிருந்து உன் ஐடியைத் தொட வேண்டாம் என்று பையன்களிடம் சொல்லிவிட்டேன். அப்படியும் என் போன் கேட்கிறது. இல்லை, இல்லை என்று அழுத்திக்கொண்டே இருக்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் நான்கு தடவை. பொதுவாகக் கேட்பதுபோல் மேடத்திடம் கேட்டுப் பார்த்தேன். பாஸ்வேர்டு வெளி ஆள் கையில் சிக்கினால் அப்படித்தான் விடாமல் கேட்பார்கள், நாம் ஒரு தடவை அசந்தால் அவர்களுக்குப் போதும் என்றார்.

நீ முன்பு வீட்டிலிருந்தே உலையைப் பார்த்துக்கொண்டவன்தானே. பழக்கத்தில் நீயே திறந்தாயா? தம்பி வேலை எப்படி என்று பார்க்கப் போய், கைதவறி எண் மாறியிருக்கலாம். நீயாக இருந்தால் ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். ஈஸ்வரி நம்பருக்கு ஒரே ஒரு வரி அனுப்பு.

ஜோஷ்வாவை இரண்டு நாள் லீவு போடச் சொன்னேன். புது ஆளு, லீவ் போட்டா தொரத்திடுவாங்கண்ணே என்று சிரித்துவிட்டுப் போனான். காரணத்தை நான் சொல்லவில்லை.

கர்த்தர் உன் தம்பியைக் காப்பாராக. அவனுக்காக நான் செய்வது இப்போதைக்கு ஜெபம் மட்டும்தான். அது நீதான் என்று சொல்லிவிடு, பென்னி.

உன் அண்ணன்,
ஜெயராஜ்