பதினான்கு மூடிகள்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. எப்போதும் போல இங்கே எல்லாரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், எடுத்த வேகத்தில் கீழே வைத்துவிட்டேன். இனிமேல் எந்தக் காகிதத்திலும் என்னைப் பற்றி நலம் என்று எழுதவே கூடாது என்று இலவச சட்ட உதவி மையத்து வக்கீலம்மா சொல்லிவிட்டார். உன் வயதுதான் இருக்கும், ஆனால் அவர் அதட்டுகிற அதட்டலில் என் மாமியார் தோற்றுப்போவார். ஆகவே அப்பா நலம், வீடு நலம், மாடிக் குழாய் வழக்கம்போல ஒழுகிக்கொண்டு நலம், என் சங்கதியைக் கீழே எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா, பக்கத்து அறைப் பெண் உன் பாலை எடுத்துக் குடிப்பதை நிறுத்தினாளா, எல்லாம் விவரமாக எழுது.

போன வாரம் போனில் என் உதவித்தொகை விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்டாய், நடந்துகொண்டிருக்கிறது என்றேன். அது பொய். அதற்கு முந்தின வாரமே அது படுத்துவிட்டது. விண்ணப்பதாரர் வேலை செய்யும் திறன் உள்ளவர் என்பதால் இயலாமை உதவித்தொகை மறுக்கப்படுகிறது என்று இரண்டு பக்கத்தில் கடிதம் வந்தது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் நின்றவளை, தோள் போய்விட்டது, விரல் மடங்கவில்லை, இனி நீ லாயக்கில்லை என்று அந்த மருத்துவமனையே எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. அரசாங்கமோ நீ லாயக்கு, போய் வேலை பார் என்கிறது. உன் அப்பா இரண்டு காகிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும், அதுவரைக்கும் நீ உக்காரு என்றார். அவருக்கு எல்லாம் விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு துவைக்கப் போடும்போது அவர் சட்டைப் பையில் ஒரு படிவம் இருந்தது. அடுத்த வருஷம் டிப்போ வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், இன்னும் மூன்று வருஷம் நீட்டிக்கச் சொல்லி அதில் பாதி எழுதி வைத்திருக்கிறார். அவர் முழங்கால் எப்படி என்று உனக்குத் தெரியும். படிவத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன், நான் பார்த்தது அவருக்குத் தெரியாது, நீயும் கேட்காதே.

ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், மறுத்தார்களே என்பதுகூட எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை. சீமாட்டிக்குக் கிடைத்துவிட்டது, அதுதான் வயிறு எரிகிறது. சீமாட்டியை உனக்கு நினைவிருக்கும், என்னோடு அதே இஸ்திரி உருளையில் நின்றவள், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களை எல்லாம் மேற்பார்வை பார்க்க வந்தவள் மாதிரி நிற்பாள், அதனால்தான் அந்தப் பெயர் வைத்தோம். ஈரமான படுக்கை விரிப்பை உதறி உருளைக்குள் கொடுப்பது நான், அந்தப் பக்கம் காய்ந்து வருவதைப் பிடித்து மடிப்பது அவள். ஈர விரிப்பு கனமா காய்ந்த விரிப்பு கனமா, நீயே சொல். ஒரு நாளைக்கு எழுநூறு, எழுநூறையும் தலைக்கு மேலே தூக்கி உதறினவளுக்குத் திறன் இருக்கிறதாம், மடித்தவளுக்கு இல்லையாம். அவளுக்கு முதல் தடவையிலேயே, மேல்முறையீடு கீழ்முறையீடு எதுவும் இல்லாமல் கொடுத்துவிட்டார்கள். அடுத்தவளுடைய நகையைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், நோயைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போன வாரம் கடைத்தெருவில் அவள் கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தாள், அடியில் ரப்பர், வளைந்த பிடி, அதைப் பார்த்துக்கூட எனக்குப் பொறுக்கவில்லை. முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மருந்துக்கடைக்குள் நுழைந்தேன், சும்மா நிற்க முடியாமல் ஒரு பொட்டலம் பஞ்சு வாங்கினேன். இதே மாதிரி மூன்று தடவை ஆகிவிட்டது, வீட்டில் மூன்று பொட்டலம் பஞ்சு இருக்கிறது. அப்பா யாருக்குக் காயம் என்று கேட்கிறார்.

எனக்கு ஏன் மறுத்தார்கள் என்பதை வக்கீலம்மாதான் அதிகாரியின் அறிக்கையை வாங்கிப் படித்துக் காட்டினார். அந்த அதிகாரி வீட்டுக்கு வந்து பார்வையிடுவார் என்று கடிதம் வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா, மூன்று நாள் வீட்டைத் துடைத்தேன். வலி மாத்திரையை இரண்டு இரண்டாகப் போட்டுக்கொண்டு, இடது கையால் ஜன்னல், திரும்பி நின்று அலமாரி, உட்கார்ந்து தரை. வீட்டுக்கு ஒரு மனுஷர் வருகிறார், அழுக்கைப் பார்த்துவிட்டுப் போவதா. அவர் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டேன், தட்டில் டீயும் பிஸ்கட்டும் வைத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனேன், தோளில் உயிர் போனது, முகத்தில் காட்டவில்லை. சமையல் யார் என்று கேட்டார், நான்தான் என்றேன். துவைப்பது யார், நான்தான். சிரமமாக இருக்குமே என்றார், அதெல்லாம் பழகிப்போச்சு சார் என்றேன். போதாக்குறைக்கு உன் அப்பா, கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள் என்னைப் பாராட்டிய ஞாபகம் எனக்கு இல்லை, அன்றைக்குப் பார்த்து வாயைத் திறந்து, இவள மாதிரி வீட்ட வச்சுக்க யாராலயும் முடியாது சார், கையில அப்படி ஒரு வேகம் என்றார். அத்தனையும் அறிக்கையில் ஏறியிருக்கிறது. வீடு மிகத் தூய்மையாகப் பராமரிக்கப்படுகிறது, தேநீர்த் தட்டை இரு கைகளாலும் சிந்தாமல் கொண்டுவந்தார், கணவரும் இதை உறுதிப்படுத்தினார். சிந்தாமல் எங்கே கொண்டுபோனேன், அடுப்படியிலேயே பாதி சிந்தி, துடைத்து, மறுபடி ஊற்றி எடுத்துப் போனேன், அது அந்த மனுஷருக்கு எப்படித் தெரியும். இதைக் கேட்டுவிட்டு மேல்முறையீட்டுக்கு இப்போது அப்பாவும் எழுதிக் கொடுத்திருக்கிறார், மொத்தம் நான்கு வரி, முன்பு என் மனைவியைப் பாராட்டியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று. வக்கீலம்மா அதைப் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

மேல்முறையீட்டுக்கு மொத்தம் முப்பது நாள், அதில் பதினொன்று போய்விட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்ட கோப்பு ஒன்றைப் பார்த்தால் என்ன எழுத வேண்டும் என்று உங்களுக்கே புரியும், கூட வேலை செய்தவர் யாருக்காவது கிடைத்திருக்கிறதா என்று வக்கீலம்மா கேட்டார். யாருக்கும் இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அப்புறம் அப்பா சட்டைப் பையில் இருந்த படிவம் நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டு சீமாட்டி வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது, தொட்டி நிறையப் பாத்திரம், ஜன்னல் திரை ஒரு கொக்கியில் தொங்குகிறது. அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை, வா வா, டீ வேணும்னா நீயே போடு, எனக்கும் ஒண்ணு போடு என்றாள். அந்த அதிகாரி வந்தபோதும் இப்படியேதான் உட்கார்ந்திருந்தாளாம். நான் துடைத்தது, தட்டு ஏந்தியது எல்லாவற்றையும் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். உனக்குப் பைத்தியமா, ஆபீசர்கிட்டயும் ஓவர்டைம் பாத்திருக்கியே என்றாள். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு டீ போடப் போனேன். தூள் டப்பா மூடியைத் திறக்க முடியவில்லை. துணி சுற்றிப் பார்த்தேன், வயிற்றில் வைத்து அழுத்திப் பார்த்தேன். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உனக்கும் முடியலல்ல, வச்சிடு, என் மக ஆறு மணிக்கு வருவா, திறந்து தருவா என்றாள்.

டீ இல்லாமல் கோப்பைப் படித்தேன். மருத்துவர் கடிதம் எனக்கு இருப்பது மாதிரியேதான், எக்ஸ்ரே அதே மாதிரிதான், சொல்லப்போனால் என் தோள்தான் மோசம். ஒரே ஒரு சங்கதி என் கோப்பில் இல்லாதது, அவள் மகள் கைப்பட எழுதிய இரண்டு பக்கம். காலையில் அம்மா விரல் பிரிய அரை மணி நேரம் கையை வெந்நீரில் வைத்திருப்பார், தலையை நான்தான் பின்னிவிடுகிறேன், பாத்திரம் கழுவ ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார், நான் வேலையிலிருந்து வந்து கழுவுவேன், நான் பார்க்காதபோது அழுவார், எனக்குத் தெரியும் என்று அவர் நினைப்பதில்லை என்று எழுதியிருக்கிறாள். அந்தத் தொட்டிப் பாத்திரத்துக்குச் சோம்பல் என்று நான் பெயர் வைத்திருந்தேன். உருளைக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கை வைத்து நின்றதற்கும் இருபத்திரண்டு வருஷமாக அதே பெயர்தான். அதற்காக வெட்கப்பட்டேன், ஆனால் வெட்கப்பட்டதைவிடப் பொறாமைப்பட்டதுதான் அதிகம். கைத்தடியைப் பார்த்து எரிந்தது ஒன்றுமே இல்லை. தினமும் ஆறு மணிக்கு ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு வருகிறாள், டப்பாவைத் திறக்கிறாள், தலையைப் பின்னுகிறாள், அத்தனையும் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு காகிதத்தில் எழுதுகிறாள். என் முகம் போன போக்கைச் சீமாட்டி கவனித்துவிட்டாள் போல. உன் மக வெளிநாட்டுல பெரிய வேலைல இருக்கான்னு நீ கேன்டீன்ல உக்காந்து சொல்லிச் சொல்லி எனக்கு எத்தன நாள் சாப்பாடு எறங்கல தெரியுமா என்றாள். கேட்க எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்கிறாய்.

மறுநாள் வக்கீலம்மா அதையேதான் கேட்டார், நெருங்கிய சொந்தத்தில் கண்ணால் பார்த்தவர் ஒருவர் எழுத வேண்டும், உங்கள் வீட்டுக்காரர் சொல் இனி செல்லாது, பிள்ளைகள் யாரும் இல்லையா என்று. ஒரே மகள், தூரத்தில் இருக்கிறாள், வந்து போய் எட்டு மாதம் ஆகிறது, பன்னிரண்டு நாள்தான் இருந்தாள், நான் எதையும் அவளிடம் காட்டவில்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து டீ போட அலமாரியைத் திறந்தேன், மூடிகளைப் பார்த்ததும் வக்கீலம்மாவிடம் சொன்னது பொய் என்று உறைத்தது. நீ ஊருக்குக் கிளம்பின அன்று காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தேன், அடுப்படியில் டப்பாக்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் கேட்டது, காப்பித்தூள் தேடுகிறாய் என்று நினைத்தேன். நீ போன பிறகு பார்த்தால் ஒரு மூடியும் மூடியிருக்கவில்லை, எல்லாம் டப்பாவின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தன. சர்க்கரையில் எறும்பு ஏறிவிட்டது, பொறுப்பில்லாத பெண் என்று உன்னைத் திட்டினேன். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது, அந்த வாரம் முழுவதும் நான் ஒரு டப்பாவுக்காகவும் அப்பா டிப்போவிலிருந்து வரக் காத்திருக்கவில்லை என்று. அப்போது எண்ணிப் பார்த்தேன், சர்க்கரை, உப்பு, மிளகு, தூள், மருந்து மாத்திரைக் குப்பி வரைக்கும் பதினான்கு. பன்னிரண்டு நாளும் நான் சிரித்துக்கொண்டே உன்னை ஏமாற்றினேன், நீயும் ஒரு வார்த்தை கேட்காமல் ஏமாந்த மாதிரியே இருந்திருக்கிறாய். இது தெரிந்தும் உன்னிடம் இத்தனை நாள் சொல்லவில்லை, உன் முன்னால் கை வராதவளாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. நீ உன் கைப்பட எழுது, தட்டச்சு வேண்டாம். என் அம்மா கெட்டிக்காரி, எல்லாம் சமாளிப்பாள் என்றெல்லாம் எழுதிவிடாதே, அந்தத் தப்பை உன் அப்பா ஏற்கெனவே செய்துவிட்டார். நீ பார்த்ததை எழுது, மூடிகளை எழுது, ஏன் திறந்து வைத்தாய் என்று எழுது. எனக்குத் தெரியாமல் வேறு என்னவெல்லாம் பார்த்தாயோ அதையும் எழுது, படிக்கும்போது எனக்கு வலிக்குமே என்று பார்க்காதே. பதிவுத் தபாலில் இருபத்தைந்தாம் தேதிக்குள் இங்கே சேர வேண்டும், வக்கீலம்மா முகவரி பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. எப்போதும் கோணல் எழுத்தாக வந்தால் கிழித்துவிட்டு நல்ல எழுத்தில் எழுதி அனுப்புவேன், நீ பார்த்ததெல்லாம் மூன்றாவது பிரதி. இதுதான் முதல் பிரதி, அப்படியே அனுப்புகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, பாலை உன் அறையிலேயே வைத்துக்கொள், அப்பாவின் படிவத்தைப் பற்றி மூச்சு விடாதே. அந்தச் சீமாட்டியின் மகளைவிட ஒரு பக்கமாவது கூட எழுது. ஒரு குறையும் இல்லாமல் நீ நலமாக இருக்க வேண்டும், அந்த வார்த்தையை உனக்கு எழுத எனக்கு யார் தடையும் இல்லை.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணி மூடிகளை இறுக்காமல் வைத்திருக்கும்
அம்மா