இன்னும் தட்டில் இருக்கும் மருந்து

உன் ஆராய்ச்சியைப் பற்றி வெளியே சொன்னேன் நிரு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாரிடமெல்லாம் சொன்னீங்க என்று நீ போனில் கேட்ட தொனி சரியில்லை, ஏதோ உன் ஆய்வுக்கூடச் சாவியை நான் தேக்கா சந்தையில் தொலைத்துவிட்டதுபோல. நானும் அப்பாவும் சுகம். உன் சுகம் வீடியோவில் தெரிந்தது, போன மாதமும் அதே சட்டைதான். கிளாஸ்கோவில் துவைக்கத் தண்ணீர் வருகிறதல்லவா.

என் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், எச்பிவி வைரஸ் என்றெல்லாம் பூக்கடை வாசலில் நின்று சொல்ல எனக்கு வரவில்லை. மருவும் அதே வைரஸ் குடும்பம் என்று நீதானே சொன்னாய். மருவுக்கு மாத்திரை கண்டுபிடிக்கிறாள் என்றேன். பொய் இல்லை, பாதி. அன்றிலிருந்து பூக்கடை முத்தையா வெள்ளிதோறும் கழுத்து மருவைக் காட்டி, மருந்து கப்பல் ஏறிவிட்டதா என்கிறார். அவருக்கு வரிசை எண் கொடுத்துவிடு என்கிறார் அப்பா. சிரிக்காதே. சரி, சிரி.

அமலாவிடம் மட்டும் முழுதாகச் சொன்னேன். தேக்கா மாடியில் எனக்கு ரவிக்கை தைப்பவள், உன் பள்ளிச் சீருடையையும் தைத்தவள். பெருமை தாங்கவில்லை. தடுப்பூசி வருமுன் காக்கும், என் மகளுடையது வந்த பிறகு காக்கும், வைரஸ் பெருகவிடாமல் நிறுத்தும் ஒரு சின்ன மூலக்கூறு என்றேன். எப்போது என்பதைச் சொல்லவில்லை.

போன வாரம் அளவு கொடுக்கப் போனேன். அரசுப் பலதுறை மருந்தகத்தில் எடுத்த சோதனையில் அவளுக்கு அதே வைரஸ் இருக்கிறதாம். மருத்துவமனையில் கர்ப்பப்பை வாயை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டுமாம். தேதியை இரண்டு முறை தள்ளியிருக்கிறாள். ஏன் என்றேன். ஊசியில் நூல் கோத்தபடியே, "உங்க மக மருந்து வரட்டும்கா, அதுக்குள்ள எதுக்கு லா ஆஸ்பத்திரி" என்றாள்.

பையைக் கீழே வைத்தேன்.

அது இன்னும் ஆய்வுக்கூடத்துத் தட்டில்தான் இருக்கிறது என்றேன். தட்டிலும் வைரஸோடு நல்ல செல்லும் செத்துப்போகிறது, போன மாதம்கூட என் மகள் அழுதாள், பத்து வருடம் ஆகலாம், வராமலும் போகலாம், நீ நாளைக்கே தேதி வாங்கு என்றேன். உன்னை இவ்வளவு இறக்கிப் பேசியது இதுவே முதல்முறை. அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். பிறகுதான் நிஜக் காரணம் வந்தது. "எங்க வீட்டுக்காரர் தவறி நாலு வருஷம் ஆச்சு. இப்ப அவர்மேல சந்தேகப்படச் சொல்றாங்களாக்கா."

நீ எனக்கு விளக்கியதை அப்படியே சொன்னேன். உடலுறவில் தொற்றுவதுதான், ஆனாலும் பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது, பெரும்பாலோருக்கு ஒருமுறையாவது வந்து போவதுதான். இது உங்க மக சொன்னதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்போ சரி என்றாள். பார், கையில் ஒரு மாத்திரைகூட இல்லை, அதற்குள் உனக்கு ஒரு நோயாளி.

இதை மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் எழுதுகிறேன். அமலா பக்கத்தில் என் ரவிக்கைக்குக் கொக்கி தைக்கிறாள். நிருவுக்கு எழுதலாமா என்றேன், எழுதுங்க, அந்தப் பிள்ளைய அழ வேணாம்னு சொல்லுங்க என்றாள். அடுத்த மூலக்கூறு உனக்குக் கைகொடுக்கட்டும், செல்கள் பிழைக்கட்டும், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இரு. சட்டையை மாற்று. முத்தையாவிடம் என்ன சொல்வது என்று எழுது.

உன்னைப் பற்றிப் பீற்றுவதை நிறுத்த முடியாத
அம்மா மங்களம்

பி.கு.: அமலாவின் வரிசை எண் வந்துவிட்டது. ரவிக்கையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு அவளோடு உள்ளே போகிறேன்.